கூத்துமாடத்தில் எடுத்த படமும் அதைத் துடைத்த கதையும்

மாசிக் கடைசியில் ஒரு ராத்திரி, ஷொர்ணூர் பக்கம் ஒரு பகவதி கோவிலுக்குத் தோல்பாவைக்கூத்து பார்க்கப் போயிருந்தேன். கொழிஞ்சாம்பாறையில் கடையைச் சாத்திவிட்டு பைக்கை எடுத்தால் பாலக்காடு, ஒற்றப்பாலம் தாண்டிப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. போனபோது பத்தரை. கூத்துமாடத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னையும் சேர்த்து ஏழு பேர். அதிலும் இரண்டு பேர் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆள் வராவிட்டாலும் இந்தக் கூத்து நிற்காது. பார்க்க வேண்டியவள் எதிரே சன்னிதியில் இருக்கிறாள். தாரிகன் என்ற அசுரனோடு பத்ரகாளி சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் இலங்கையில் ராம ராவண யுத்தம் நடந்ததாம். அவளால் அதைப் பார்க்க முடியாமல் போயிற்று. அந்தக் குறை தீர வருஷா வருஷம் அவள் கோவிலிலேயே ராமாயணத்தை நடத்திக் காட்டுகிறார்கள். சில கோவில்களில் ஏழு ராத்திரி, சில கோவில்களில் இருபத்தொன்று, நாற்பத்தொன்று என்று போகும். கூத்துமாடம் சன்னிதியைப் பார்த்தபடி கட்டியிருப்பதும் அவளுக்காகத்தான்.

தமிழர்களான நமக்கு இதில் இன்னொரு சொந்தம் இருக்கிறது. திரைக்குப் பின்னாலிருந்து வருவது கம்பன் பாட்டு. கேரளத்துக் கோவில், கேரளத்துக் கலைஞர்கள், வாயில் கம்பராமாயணம். பாட்டைச் சொல்லி, தமிழும் மலையாளமும் பிணைந்த ஒரு நடையில் அதற்குப் பொருள் விரித்து, ஒரு பாவை கேள்வி கேட்க இன்னொரு பாவை பதில் சொல்ல, விடியும்வரை போகும். கூனத்தறையைச் சேர்ந்த கே.கே. ராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது நம்ம பக்கத்துப் பத்திரிகைகள் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம் உண்டு.

சரி, படத்துக்கு வருகிறேன்.

வெள்ளைத் திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் வரிசையாக இருக்கும். தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டவை. கூத்துக்கு வெளிச்சம் அவ்வளவுதான். விளக்குக்கும் திரைக்கும் நடுவில் பாவையைப் பிடிக்கிறார்கள். பழைய பாவைகள் மான் தோல். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு புதிதாகச் செய்பவை ஆட்டுத்தோலிலும் எருமைத்தோலிலும். தோலை உருவமாக வெட்டியதும் வேலை முடிந்துவிடாது. உளி வைத்துத் துளை போடுவதுதான் வேலையே. பொடிப்பொடியான துளைகள். பாவை திரையில் கருப்பாக விழும்போது துளை இருக்கிற இடம் மட்டும் பொன் பொட்டாக மின்னும். கிரீடத்துக் கல், மார்பில் மாலை, இடுப்புக் கச்சையில் ஓடும் கரை, எல்லாமே துளைதான். துளை இல்லாவிட்டால் ராமனும் ஒரு கருப்பு அட்டை, ராவணனும் ஒரு கருப்பு அட்டை.

ஃபிளாஷ் போடக் கூடாது. கோவிலில் விட மாட்டார்கள் என்பது ஒரு பக்கம். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் நிழல் போய் வெறும் வெள்ளை வேட்டிதான் படத்தில் நிற்கும். அதனால் விளக்கு கொடுத்த வெளிச்சத்திலேயே எடுத்தேன். எஃப் 1.8 லென்ஸ், ஷட்டர் 1/125, ஐ.எஸ்.ஓ. 6400. பாவைகள் திரையில் குத்தி வைத்தபடி பேசிக்கொண்டிருக்கும்போது டிரைபாடில் வைத்து ஷட்டரை 1/15 வரை இறக்கலாம். இந்திரசித்தன் வில்லை எடுத்துவிட்டால் அதெல்லாம் நடக்காது.

மறுநாள் கம்ப்யூட்டரில் போட்டு 100 சதவீதத்தில் திறந்தபோது மனசு விட்டுப்போனது. திரையெங்கும் மணல் தூவின மாதிரி. திரைக்குக் கீழே தொங்கும் கருப்புத் துணியில் ஊதாவும் பச்சையுமாகத் தேமல். கையில் புதிதாக ஒரு ஏ.ஐ. மென்பொருள் இருந்தது. அதன் அளவுக்கோலைத் தொண்ணூறு வரைக்கும் இழுத்துவிட்டேன். அரை நிமிஷத்தில் படம் பட்டுத் துணி மாதிரி வந்தது. மணல் இல்லை, தேமல் இல்லை. அன்றைக்கே இருபது படத்தை அப்படிச் செய்து, நல்லதாக ஆறு பிரிண்ட் போட்டு, அந்த வாரமே கூத்து நடத்திய ஆசானைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். அவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று அப்படி ஒரு ஆசை.

ஆசான் திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது படத்தில் நின்றுவிட்டார். ராவணன் படம்.

"இவனோட பூணூல் எங்கே?"

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து உள்ளே போய், ஓலைப்பாயில் சுற்றி வைத்திருந்த அந்தப் பாவையையே எடுத்து வந்தார். வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இடது தோளிலிருந்து குறுக்காக, ஊசி முனையளவுத் துளைகள் ஒற்றை வரிசையில் இறங்கின. என் படத்தில் அந்த இடம் மழமழவென்று கருப்பாக இருந்தது.

அப்புறம் விரலைக் கிரீடத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். "இதும் நான் போட்ட துளை இல்லையே மோனே. இது வட்டம். நான் போட்டது நெல்லு மாதிரி."

அவர் சொன்னது சரி. பாவையில் துளைகள் நெல்மணி வடிவில், ஒரு முனை கூராக, சாய்ந்து இருந்தன. என் படத்தில் அவை வரிசையாக உருண்டை உருண்டையாக இருந்தன. அவர் கோபப்படவில்லை. படங்களை அடுக்கி என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாயா போடச் சொன்னார். எனக்குத்தான் சாயா இறங்கவில்லை.

வழியெல்லாம் அதே யோசனை. இருந்ததை எடுக்காமல் விட்டிருந்தாலாவது மன்னிக்கலாம், இருந்ததை அழித்து இல்லாததைப் போட்டிருக்கிறேன். எப்படி நடந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். இந்த ஒரு வருஷத்தில் எனக்குப் பிடிபட்டதை, என்னை மாதிரி ராத்திரிப் படம் எடுக்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்த மணலும் தேமலும், அதாவது நாய்ஸ், எங்கிருந்து வருகிறது? கேமரா மட்டமாக இருப்பதால் என்று பலரும் நினைக்கிறோம். கொஞ்சம் உண்மை, ஆனால் பெரும்பங்கு வெளிச்சத்தினுடையதே. இடவப்பாதி மழை தொடங்கும்போது முதலில் நாலு தூறல் விழுமில்லையா, அப்போது வாசலில் பத்து டம்ளரை வரிசையாக வையுங்கள். ஒன்றில் மூன்று சொட்டு விழும், பக்கத்தில் உள்ளதில் ஏழு, அடுத்ததில் ஒன்று. மழை பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அடித்த பிறகு பார்த்தால் பத்தும் ஒரே மட்டமாகத்தான் தெரியும். மழை ஒன்றுதான், சொட்டு குறைவாக இருக்கும்போது ஏற்றத்தாழ்வு கண்ணில் படுகிறது. வெளிச்சமும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான் விழுகிற இடத்தில் 10 கூடவோ குறையவோ இருக்கும், நூற்றுக்குப் பத்து. 10,000 விழுகிற இடத்தில் கூடக்குறைய 100, நூற்றுக்கு ஒன்று. பகல் ஆகாயத்தை எடுத்த படம் சுத்தமாகவும் கூத்துமாடத்தை எடுத்த படம் மணலாகவும் இருப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். வெளிச்சம் நாலு மடங்கு கூடினால் நாய்ஸின் விகிதம் பாதியாகும்.

ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவதால் நாய்ஸ் வருகிறது என்று சொல்வது வழக்கம். ஐ.எஸ்.ஓ. வெளிச்சத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. விழுந்த சொட்டைப் பெருக்கிக் காட்டுகிறது. சொட்டோடு சேர்ந்து ஏற்றத்தாழ்வும் பெரிதாகத் தெரிகிறது.

எண்ணெய் விளக்குக்கு இதற்குமேல் ஒரு சிக்கல் உண்டு. நான் படித்த எந்த ராத்திரிப் படப் பாடத்திலும் இது இல்லாததால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். நம் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் சென்சார்மேல் ஒரு நிறக்கட்டம் இருக்கும். கோடாக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் கண்டுபிடித்தது, 1976-இல் காப்புரிமை வாங்கியது. அதில் பாதிக் கட்டம் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். விளக்குச் சுடரில் சிவப்பும் மஞ்சளும் தாராளம், நீலம் மிகக் கொஞ்சம். நண்பகல் வெயிலின் நிறத்தை 5500 கெல்வின் என்று வைத்தால் விளக்குச் சுடர் 1900 பக்கம். ஆக, இருக்கிற கால்வாசி நீலக் கட்டங்களும் ஏறக்குறையப் பட்டினியாகக் கிடக்கின்றன. அந்த நேரத்தில் நாம், அல்லது கேமராவே ஆட்டோவில், திரை வெள்ளையாகத் தெரியட்டும் என்று வெள்ளைச் சமநிலையைத் திருத்துகிறோம். அப்படித் திருத்த நீலத்தைப் பல மடங்கு பெருக்க வேண்டும். என் படத்தில் ஊதாத் தேமல் வந்த வழி அதுதான்.

இதற்கு மருந்து மென்பொருளில் இல்லை, மனசில் இருக்கிறது. விளக்கு வெளிச்சம் மஞ்சளாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கூத்துமாடத்தில் உட்கார்ந்திருந்தபோது என் கண்ணுக்கும் திரை பொன்னிறமாகத்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் நிறவெப்பத்தை 2800-க்குக் கீழே கொண்டுபோவதே இல்லை. தேமலில் முக்கால்வாசி அதிலேயே போய்விடுகிறது.

இனி மென்பொருள். நாய்ஸ் குறைக்கிற எல்லா மென்பொருளும் அடிப்படையில் ஒரே காரியத்தைத்தான் செய்கிறது. ஒரு பிக்சல் சொல்வதை நம்பலாமா என்று அக்கம்பக்கத்தைக் கேட்கிறது. பக்கத்துப் பிக்சல்கள் எல்லாம் கருப்பு, இது ஒன்று மட்டும் வெளிச்சம் என்றால், இது பொய் சொல்கிறது என்று முடிவு கட்டி அக்கம்பக்கத்தோடு சேர்த்துவிடும். பழைய முறைகள் சுற்றியிருப்பவற்றின் சராசரியையோ நடு மதிப்பையோ எடுத்து வைத்தன. அதனால் நுணுக்கங்கள் எல்லாம் மங்கின. 2005-இல் புவாதேஸ், கோல், மொரேல் என்ற மூன்று பேர் வேறு வழி சொன்னார்கள். பக்கத்து வீட்டை மட்டும் கேட்காதே, படம் முழுக்கத் தேடி, இதே மாதிரி இருக்கிற துண்டுகளை எல்லாம் பிடித்து, அவற்றின் சராசரியை எடு என்றார்கள். இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் மென்பொருளில் இன்றைக்கும் அந்த முறை இருக்கிறது.

ராவணனின் பூணூல் போனதற்கான காரணத்தை நான் கண்டுகொண்டது இந்த முறையைச் சோதித்துப் பார்த்தபோதுதான். அதே ராவணனை டார்க்டேபிளில் போட்டால் மார்பு மாலை நன்றாகவே நின்றது. மாலையில் ஒரே மாதிரித் துளைகள் ஐம்பது அறுபது இருக்கின்றன. ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொள்கின்றன. பூணூல் துளைகளோ மாலையைவிடப் பொடி, ஒற்றை வரிசை. சாட்சிக்கு ஆள் இல்லை. அளவுக்கோலை ஏற்ற ஏற்ற முதலில் அவைதான் காணாமல் போயின.

ஏ.ஐ. வந்த பிறகு கதை மாறியது. லைட்ரூமில் 2023 ஏப்ரலில் அது வந்தது, வேறு சில மென்பொருள்களில் அதற்கு முன்பே இருந்தது. சுத்தமான படத்தையும் அதிலேயே நாய்ஸ் கலந்த படத்தையும் ஜோடி ஜோடியாக லட்சக்கணக்கில் காட்டி, மணல் படத்தைப் பார்த்தால் சுத்தப் படம் எப்படி இருந்திருக்கும் என்று அதற்குப் பழக்குகிறார்கள். இறகு, முடி, இலை, செங்கல், துணி எல்லாம் அதற்குப் பழக்கம். அதனால் பறவைப் படங்களில் அது செய்கிற வேலை நிஜமாகவே பிரமிப்புதான். ஆனால் தோலில் உளி வைத்துப் போட்ட நெல்மணித் துளையை அது எத்தனை தடவை பார்த்திருக்கும்? பார்க்காததைப் பார்த்தால் தனக்குத் தெரிந்ததில் எது கிட்டத்தட்ட இதைப் போல இருக்கிறதோ அதைப் போட்டுவிடுகிறது. நெல் வட்டமானது அப்படித்தான்.

துளையும் மணலும் ஒரே அளவு, ஒரே மாதிரி மினுங்கல். ஆசானுக்கு எது தன் உளி பட்ட இடம் என்று தெரியும், மென்பொருளுக்குத் தெரிய வழியே இல்லை. படம் எடுத்தவனாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். இதை எனக்கு அடிவயிற்றில் உணர்த்தியது ராவணனைவிட மூணாறில் நடந்த இன்னொரு விஷயம்.

என் சித்தப்பா குடும்பம் மூணாறு எஸ்டேட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. அவர்கள் குடியிருக்கும் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒருத்தி. கொழுந்து எடுக்கப் போன அம்மா தவறி ஒரு மாசம் ஆகியிருந்தது. மாலை போட்டு மாட்ட ஒரு படம்கூட வீட்டில் இல்லை. கைப்பேசியில் யாரோ எடுத்தது ஒன்றுதான். அடுப்படி, ஜீரோ வாட் பல்பு, அம்மா திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். வாட்ஸப்பில் நாலு கை மாறி வந்திருந்தது. "அண்ணே, இத கொஞ்சம் தெளிவாக்கித் தர முடியுமாண்ணே" என்று கேட்டாள்.

ஏ.ஐ.யில் போட்டேன். முகம் பளிச்சென்று வந்தது. அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் ஃபோனிலேயே கூப்பிட்டாள்.

"அண்ணே, நல்லா இருக்குண்ணே. ஆனா இது எங்கம்மா மாதிரி இருக்கு. எங்கம்மா இல்லண்ணே."

அம்மாவுக்கு மோவாயில் மூன்று புள்ளி பச்சை குத்தியிருந்ததாம். இரண்டு பக்கமும் மூக்குத்தி. மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மணலுக்கு நடுவில், ஆமாம், மோவாயில் ஏதோ கருக்கலாக இருக்கிறது. மென்பொருள் அதைத் துடைத்துவிட்டு முப்பது வயசுப் பெண்ணின் தோலைப் போட்டிருந்தது. மூக்குத்தி ஒரு பக்கம் மட்டும் இருந்தது. நாற்பது வருஷம் வெயிலிலும் பனியிலும் கொழுந்து எடுத்த முகத்தில் ஒரு கோடு இல்லை.

வாட்ஸப் படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. ஒவ்வொரு தடவை கை மாறும்போதும் மறுபடி சுருங்கும். அதன் பிறகு எது மணல், எது கட்டத்தின் ஓரம், எது பச்சை குத்திய புள்ளி என்று எவராலும் பிரிக்க முடியாது. எடுத்த கைப்பேசி யாருடையது என்று தேடச் சொன்னேன். திரை உடைந்து பெட்டியில் கிடந்த ஒரு பழைய ஃபோன். மெமரி கார்டில் மூலப் படம் இருந்தது. கை மாறி வந்ததைவிட அஞ்சு மடங்கு பெரிய ஃபைல்.

இந்தத் தடவை ஏ.ஐ. பக்கமே போகவில்லை. நாய்ஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெளிச்சம் கூடிக் குறைகிற மணல், மற்றது நிறம் மாறுகிற தேமல். நம் கண் வெளிச்சத்தின் நுணுக்கத்தைப் பார்க்கிற அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தைப் பார்ப்பதில்லை. அதனால் தேமலை எவ்வளவு வேண்டுமானாலும் துடைக்கலாம், முகம் மாறாது. மணலில் கை வைக்கும்போதுதான் ஜாக்கிரதை வேண்டும். தேமலை முழுக்க எடுத்தேன். மணலைப் பின்னால் இருந்த சுவரிலும் புடவையிலும் மட்டும் குறைத்தேன், முகத்தில் தொடவே இல்லை. கருப்பு வெள்ளையாக்கி எட்டுக்குப் பத்து அளவில் பிரிண்ட் போட்டபோது, மிச்சமிருந்த மணல் பழைய ஸ்டூடியோ ஃபிலிம் படத்தில் இருக்குமே, அந்தப் பதத்தில் அடங்கிவிட்டது. மோவாயில் மூன்று புள்ளியும் தெரிந்தது.

அந்தப் படம்தான் இப்போது லயத்தில் மாட்டியிருக்கிறது.

பிரிண்ட் பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இது நிறைய வேலையை மிச்சப்படுத்தும். நாம் 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்துப் பயப்படுகிறோம். அப்படி யாரும் படம் பார்ப்பதில்லை. 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000-க்கு 4000. இணையத்துக்காக அதை 1500-க்கு 1000 ஆகச் சுருக்கினால் பதினாறு பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது. பதினாறின் சராசரி எடுத்தால் நாய்ஸ் கால்வாசி ஆகும். ஒரு மென்பொருளும் தொடாமலே. இணையத்தில் போடுகிற கூத்துப் படங்களுக்கு நான் இப்போது தேமல் எடுப்பதோடு நிறுத்திவிடுகிறேன். பெரிய பிரிண்டுக்கு மட்டுமே மணலைப் பற்றிக் கவலை.

அதே சராசரிக் கணக்கை எடுக்கும்போதே பயன்படுத்தலாம். டிரைபாடில் வைத்து அசையாத காட்சியை பதினாறு தடவை எடுத்துச் சேர்த்தால் அப்போதும் நாய்ஸ் கால்வாசி. கைப்பேசிகளின் நைட் மோடு செய்வதும் கிட்டத்தட்ட இதுவே. கூகுள் 2018-இல் பிக்சல் ஃபோனில் கொண்டுவந்த பிறகு எல்லாரும் கொண்டுவந்துவிட்டார்கள். கூத்துக்கு இது பாதிதான் உதவும். பாவை அசையாமல் நின்றாலும் 21 சுடரும் அசைகின்றன. ஒரு படம் பிரகாசம், அடுத்தது மங்கல். சேர்க்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். கை அசைந்தால் இந்திரசித்தனுக்கு நாலு கை முளைக்கும்.

இந்தச் சேர்க்கிற வித்தையில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் நான் விழுந்தது மின்மினிப் படத்தில். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகளைத் தமிழ்நாடு வனத்துறை 2022-இல் பதிவு செய்த செய்தி நினைவிருக்கும். பரம்பிக்குளத்தை ஒட்டிய காடு அது. ராத்திரியில் நமக்கு அங்கே அனுமதி கிடையாது, கிடைக்கவும் வேண்டாம். எங்களுக்குக் கொல்லங்கோடு தாண்டி நெல்லியாம்பதி அடிவாரத் தோப்புகளிலேயே மே மாசக் கோடை மழைக்குப் பிறகு மின்மினி நிறையவே வரும். 20 வினாடி வீதம் முப்பது படம் எடுத்தேன். நாய்ஸ் போகட்டும் என்று முப்பதின் நடு மதிப்பை எடுத்துச் சேர்த்தேன். தோப்பு தெளிவாக வந்தது. மின்மினி ஒன்றுகூட இல்லை. யோசித்தால் நியாயம்தான். ஒரு இடத்தில் மின்மினி ஒரு படத்தில் மின்னியிருக்கும், மீதி இருபத்தொன்பதில் அங்கே இருட்டு. நடு மதிப்பு என்றால் இருட்டுதான்.

ஒவ்வொரு இடத்திலும் பிரகாசமானதை எடு என்று மாற்றிச் சேர்த்தால் மின்மினி எல்லாம் வந்தது, கூடவே சென்சாரில் சூடேறிய பிக்சல்களும் மின்மினியாக வந்து நின்றன. கண்ணால் பிரிக்கவே முடியவில்லை. அதைப் பிரித்துக் கொடுத்தது லென்ஸ் மூடிதான். மூடியைப் போட்டு அதே 20 வினாடி, அதே ஐ.எஸ்.ஓ.வில் நாலைந்து படம் எடுத்தால், அதில் மின்னுவதெல்லாம் கேமராவின் சொந்தப் புள்ளி. சூடேறிய பிக்சல் இடம் மாறாது, மின்மினி ஓரிடத்தில் இருக்காது. மூடிப் படத்தைக் கழித்துவிட்டு, தோப்பை நடு மதிப்பிலும் மின்மினியைப் பிரகாச மதிப்பிலும் தனித்தனியாகச் செய்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். நாலு மணி நேர வேலை. அந்தத் தோப்பில் அன்றைக்கு நான் பார்த்தது அந்தப் படத்தில் இருக்கிறது. மின்மினி எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து டார்ச் அடிக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் அவை மின்னுவதை நிறுத்திவிடும், அவற்றுக்கு அது இணை தேடுகிற நேரம்.

இந்த வருஷம் தையில் கூத்து தொடங்கியதும் மறுபடி ஷொர்ணூர் போனேன். இந்தத் தடவை பகலிலேயே போய், ஆசானிடம் கேட்டு, அன்றைக்கு ராத்திரி வரப்போகிற பாவைகளை ஒவ்வொன்றாக வாசலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். எங்கே எந்தத் துளை என்று தெரிந்துவிட்டது. ராத்திரிப் படத்தை எல்லாம் ராவ் (RAW) ஃபைலாக எடுத்தேன். ஷட்டரை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, துளைகள் வெளுத்துப் போகாத அளவுக்கு வெளிச்சத்தைக் கூட்டி எடுத்தேன். இருட்டாக எடுத்துவிட்டு வீட்டில் ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். கேமராவுக்குள் இருக்கும் நாய்ஸ் குறைப்பையும் அணைத்துவிட்டேன். அது ராவ் ஃபைலைத் தொடாது, ஆனால் கூட எடுக்கிற ஜேபெக்கை வழித்துவிடும்.

வீட்டில் வேலை செய்தபோது பகல் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டேன். தேமலை முழுக்க எடுத்தேன். கருப்புத் துணியிலும் திரையின் வெற்றிடத்திலும் மணலை நன்றாகவே குறைத்தேன், அங்கே இழக்க எதுவும் இல்லை. பாவையைச் சுற்றி மறைப்புப் போட்டு உள்ளே அளவுக்கோலை இருபதுக்கு மேல் ஏற்றவில்லை. கூர்மையேற்றுவதை எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் வைத்தேன். முதலிலேயே செய்தால் மணலும் சேர்ந்து கூர்மையாகிவிடும். ஒவ்வொரு துளையாகப் பகல் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பாவைக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

பிரிண்டை ஆசானிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழையபடி ராவணனில் நின்றார். விரலால் தோளிலிருந்து குறுக்காக ஒரு கோடு இழுத்தார். "உண்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். படத்தில் மணல் இருப்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் கண்ணில் அது பட்டதாகவே தெரியவில்லை.

போன வருஷம் துடைத்த அந்த இருபது படங்களின் மூல ராவ் ஃபைல்களை நான் அழிக்காமல் வைத்திருந்தது அதிர்ஷ்டம். எல்லாவற்றையும் மறுபடி செய்துகொண்டிருக்கிறேன், இன்னும் எட்டு பாக்கி. நீங்களும் உங்கள் மூலப் படங்களை எக்காரணத்துக்கும் அழித்துவிடாதீர்கள்.

பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோவில்களில் ஜனவரியிலிருந்து மே வரை எங்காவது கூத்து நடந்துகொண்டேதான் இருக்கும். பொள்ளாச்சி, கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது ஒரு ராத்திரிப் பயணம்தான். ஒரு தடவை வாருங்கள், முன்னால் உட்கார இடம் நிறைய இருக்கிறது. ஃபிளாஷை மட்டும் அணைத்துவிடுங்கள்.